எழும்பூரில் ஒரு காலைப்பொழுது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். நாற்பது ஆண்டுகளாகச் சென்னையில் இருந்தும் ஊரை ஆற அமரப் பார்த்ததில்லை. ஒரு கண்காட்சி, ஒரு கடை, நடுவில் வயிறாரச் சாப்பாடு என்று ஒரு காலைப்பொழுதைக் கழிக்க வேண்டுமானால் எங்கே தொடங்கலாம்? காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி இளையவர்கள் சொல்லும் 'பிரஞ்ச்' எங்களுக்குச் சரிப்படுமா?
– குரோம்பேட்டை வாசகி

பதில்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், அம்மா. 1851-இல் தோன்றிய அந்த அருங்காட்சியகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு, திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள்தாம் நம்மில் அதிகம். மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. காலை 9.30 மணிக்குத் திறப்பார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிட்டு வார நாள் ஒன்றில் போங்கள். அமைதியாக நின்று பார்க்கும் வசதி அப்போதுதான் கிடைக்கும். எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று கணக்குப் போடாமல், உலோகச் சிலைகள் இருக்கும் படிமக் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். கால் வலிக்கத் தொடங்கிய பிறகு பார்க்கும் எதுவும் மனத்தில் தங்குவதில்லை.

பதினொரு மணி வாக்கில் ஓர் ஆட்டோ பிடித்துத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் ரத்னா கஃபேக்குப் போய்விடலாம். 1948-இல் தொடங்கிய கடை அது. அங்கே சாம்பார் இட்லி என்றால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சாம்பார் என்று பொருளல்ல; இட்லி முழுகும்படி ஊற்றுவார்கள், குறையக் குறைய மறுபடியும் ஊற்றுவார்கள். அந்தச் சூட்டில் ஊறிய இட்லியைக் கரண்டியால் வெட்டி எடுத்துச் சாப்பிட்டு, மேலே ஒரு காபியும் குடித்துவிட்டால் பிற்பகல் மூன்று மணி வரை பசி எடுக்காது. 'பிரஞ்ச்' என்ற பெயர்தான் நமக்குப் புதிது. அலுவலகம் போகிறவர்கள் காலை ஒன்பது, பத்து மணிக்கே முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிற்பகலில் டிபன் சாப்பிட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்திருக்கலாம்.

சாப்பிட்ட பின் அண்ணா சாலையில் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்குப் போங்கள். 1844-இல் தொடங்கிய நிறுவனம் இது. உயர்ந்த கூரையும் அகன்ற கூடமும் கொண்ட இப்போதைய கட்டடத்துக்கு 1904-இல் வந்தது. ஒரு நாளுக்கு இவை மூன்றும் போதும்.

கேள்வி: படிமக் கூடத்துக்குப் போயிருக்கிறேன். கோயிலில் கும்பிட்ட சாமியை அருங்காட்சியகத்தில் பார்ப்பது என் மனத்துக்கு ஒட்டவில்லை. சிற்பக் கலை தெரியாத நான் அங்கே எதைப் பார்ப்பது?
– வேளச்சேரி வாசகர்

பதில்: உங்கள் மனம் ஒட்டாததற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கோயிலில் உற்சவரைப் பட்டும் பூவும் நகையும் சாத்திய கோலத்தில்தான் தரிசிக்கிறோம். பெரும்பாலும் திருமுகம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் திருமேனியைச் சிற்பி முழுமையாக எப்படி வடித்தார் என்பதைக் காண நம்மைப் போன்றவர்களுக்கு வாய்க்கும் இடம் இதுதான்.

திருவெண்காட்டில் கிடைத்த, சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். சிவனாகிய வலப்பாகத்தில் இரண்டு கைகள், உமையாகிய இடப்பாகத்தில் ஒரே கை. ஆக மூன்று கைகள் என்பதே முதலில் கண்ணில் படாது, அத்தனை இயல்பாக அமைந்திருக்கிறது. வலக்காலில் ஆடை தொடையோடு நின்றுவிட, இடக்காலில் கணுக்கால் வரை இறங்குகிறது. வலத்தோள் அகன்று நிமிர்ந்திருக்க, இடப்பக்க இடை வளைந்து நெளிகிறது. இந்த இரண்டு உடல்களும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று கண்ணால் தேடிப் பாருங்கள். பிரிக்கும் கோடு ஒன்றைக்கூட உங்களால் காட்ட முடியாது.

இப்படிமங்கள் செய்யப்படும் முறையையும் தெரிந்துகொண்டு போனால் பார்வை இன்னும் கூர்மைப்படும். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். மண் கூட்டை உடைத்துத்தான் படிமத்தை எடுக்க முடியும் என்பதால் ஒரு கருவில் ஒரு படிமமே பிறக்கும். திருவாலங்காட்டு நடராசரும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இங்குள்ள நடராசர் படிமங்களை நேரில் கண்டதே இல்லை. புகைப்படங்களை மட்டும் பார்த்து உருகி 1913-இல் எழுதினார். நமக்கு அது ரயில் ஏறிப் போகும் தூரம்.

கேள்வி: கைத்தறிக் கண்காட்சி என்று விளம்பரம் பார்த்து, ஒரு திருமண மண்டபத்தில் பட்டுப்புடவை எடுத்தேன். விசைத்தறிப் புடவை என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?
– அம்பத்தூர் வாசகி

பதில்: நெசவாளர் கூலியைத்தான் அந்த விற்பனையாளர் திருடியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை புடவையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, உடலும் கரையும் வேறு வேறு நிறமாக உள்ள காஞ்சிபுரம் பட்டு என்றால், கரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோர்வை முறையில் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கருவி), இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டு வாங்குவார். அதனால் கரையின் பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒரே நிறமாக இருந்து, சிவப்பு சுத்தச் சிவப்பாக நிற்கும். உடலின் ஊடை நூலே கரை வரை ஓடியிருந்தால் கரையின் நிறம் கலங்கித் தெரியும். அந்தப் புடவையைக் கோர்வை என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். சேருமிடத்தைப் புரட்டி, இரண்டு ஊடைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பின்னலையும் விரலால் தடவிப் பாருங்கள்.

மண்டபக் கண்காட்சிகளில் வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். அடுத்த வாரம் போனால் அங்கே வேறு கடை இருக்கும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் அருங்காட்சியகம் இருக்கும் அதே பாந்தியன் சாலையில்தான் இருக்கிறது. புடவை எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பவானி ஜமக்காளத்தையும் செட்டிநாட்டுக் கண்டாங்கியையும் தொட்டுப் பார்த்துப் பழகுவதற்காகவாவது ஒருமுறை போய் வாருங்கள். நல்ல துணியைத் தொட்டுப் பழகிய கைக்கு மற்றதை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது.

கேள்வி: ஓவியக் கூடங்களுக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது. ஓவியம் வாங்காதவர்களை உள்ளே விடுவார்களா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: தாராளமாக விடுவார்கள். கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதெமி கூடத்துக்குள் யாரும் போகலாம். பல நாட்களில் ஓவியரே அங்கே உட்கார்ந்திருப்பார், "இந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டால் மகிழ்ந்து விளக்குவார். ஒரு நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைக் கிராமத்துக்குப் போங்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் உருவாக்கிய ஊர் அது. ஓவியம் விற்காத நாட்களிலும் அடுப்பு எரிய வேண்டுமே என்று அவர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியம் தீட்டினார்கள். தோட்டத்துச் சிற்பங்களை வெயில் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட்டு, பிறகு கூடத்துக்குள் போங்கள்.