“விபத்துக் காசு எவ்வளவு வரும்?” என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் கனடாவில் இல்லை. விடுமுறையில் திருகோணமலைக்கு வந்து உவர்மலையில் அக்கா வீட்டில் நிற்கிறேன். மறுநாள் மாலையே உங்கள் அப்பா சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நீங்கள் எழுதிக் கேட்டதையே அவரும் கேட்டார்: “பிள்ளைக்கு அங்கே எவ்வளவு கிடைக்கும்?”

நீங்கள் எழுதியிருந்தது இவ்வளவு. ஸ்காபரோவுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் சிவப்பு விளக்கில் நின்ற உங்கள் காரைப் பின்னால் வந்த வாகனம் இடித்தது. கழுத்தும் இடுப்பும் நோகின்றன, இடது கை இரவில் விறைக்கிறது. காப்புறுதி நிறுவனம் இதைச் சிறு காயம் என்கிறது. கூட வேலை செய்யும் நண்பரோ குறைந்தது ஒரு லட்சம் டொலர் வரும் என்கிறார், தனக்குத் தெரிந்த ஆளிடம் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்கிறார். ஒரு சிகிச்சை நிலையம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துக் கேட்கிறது. 2021இல் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டதைச் சொல்வதா, மறைப்பதா என்பது கடைசிக் கேள்வி.

அப்பாவுக்குச் சொன்னதை முதலில் உங்களுக்கும் சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு மாடிவீட்டைக் காட்டி, “இது கனடா விபத்துக் காசில் எழும்பிய வீடு” என்பார்கள். அந்த வீட்டுக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் ஒரு கதிரையில் இருக்க முடியாது. ஊருக்கு வந்தால் விமானத்தில் முக்கால்வாசி நேரம் நின்றுகொண்டே வருகிறார். வீதியால் போகிறவர்களுக்கு மாடி மட்டும்தான் தெரிகிறது. அவருக்குக் கிடைத்த தொகையை வைத்து உங்கள் கழுத்துக்கு விலை போட முடியாது.

நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் காசு இரண்டு வழிகளில் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் கதைப்பதால்தான் இத்தனை குழப்பம். முதலாவது, யாருடைய பிழை என்று பாராமல் உங்கள் சொந்தக் காப்புறுதி தரும் விபத்துக் கொடுப்பனவு. இரண்டாவது, இடித்தவர்மேல் தொடுக்கும் நட்டஈட்டு வழக்கு. காருக்கு ஏற்பட்ட சேதம் வேறு கணக்கு. கார் நொறுங்கியதால் உடம்புக்கும் அதிகம் கிடைக்கும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

முதலாவது வழியில் உங்களுக்கு நேரம் குறைவு. விபத்து நடந்து ஏழு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், அதைச் செய்துவிட்டீர்கள். விண்ணப்பப் படிவம் கைக்கு வந்ததிலிருந்து முப்பது நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதை இந்த வாரமே செய்யுங்கள். நிறுவனம் சொல்லும் ‘சிறு காயம்’ ஒரு சட்டச் சொல். அந்த வகைக்குள் விழுந்தால் சிகிச்சைக்கு மொத்தமாக 3,500 டொலர்தான். அதற்கு வெளியே வந்தால் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து 65,000 டொலர் வரை போகலாம். மிகக் கொடிய காயங்களுக்கு மட்டும் பத்து லட்சம். ஆகவே உங்கள் முதல் சண்டை அந்த ஒரு லட்சத்துக்கு அல்ல, இந்த வகைப்படுத்தலுக்குத்தான்.

இங்கேதான் உங்கள் இடது கை முக்கியமாகிறது. கழுத்துச் சுளுக்கு சிறு காயம். ஆனால் நரம்பு பாதிக்கப்பட்ட அறிகுறிகளை வைத்தியர் பரிசோதித்துக் கண்டால் அது அந்த வகைக்குள் அடங்காது. ‘கை விறைக்கிறது’ என்று நீங்கள் எனக்கு எழுதியதால் பயன் இல்லை. குடும்ப வைத்தியரிடம் போய் எந்த விரல்கள் விறைக்கின்றன, எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், பால் பக்கெட்டைத் தூக்கினால் கை நழுவுகிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர் சோதித்துப் பார்த்துத் தன் குறிப்பில் எழுத வேண்டும். நம்மில் பலர் வைத்தியர் முன்னால் இருந்ததும் “பரவாயில்லை டொக்டர், சமாளிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வருவோம். அந்தப் ‘பரவாயில்லை’ அப்படியே கோப்பில் ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு அதை எடுத்து வாசிக்கும்.

அந்தச் சிகிச்சை நிலையத்தின் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது 3,500 என்றால், நீங்கள் போகாத நாட்களுக்கும் சேர்த்து அவர்கள் எழுதி அதை முடித்துவிட முடியும். பிறகு உண்மையாக பிசியோதெரபி தேவைப்படும்போது கணக்கில் ஒன்றும் இருக்காது. அத்தோடு பொய்யான விவரத்தின் கீழ் இருப்பது உங்கள் கையெழுத்து. நம் ஆட்களை இந்த விஷயத்தில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

வேலைக்குப் போக முடியாவிட்டால் வாரச் சம்பளத்தில் 70 வீதம், உச்சம் 400 டொலர் கிடைக்கும். முதல் வாரத்துக்கு இல்லை. வாரம் 500 உழைத்தவருக்கு 350. 800 உழைத்தவருக்கும் 400தான். வருமான வரியில் காட்டாத காசு, உழைப்பாகவே கணக்கில் எடுக்கப்படாது. கைக்காசுக்கு வேலை செய்த நாட்கள் இருந்தால் அவற்றை மறந்துவிடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக எழுதும் அல்லது புதுப்பிக்கும் ஒப்பந்தங்களில் இந்த வருமானக் கொடுப்பனவு நாமாகக் கேட்டு வாங்கினால் மட்டுமே இருக்கும் என்று மாற்றிவிட்டார்கள். அதனால் உங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்து வாசியுங்கள்.

இனி வழக்கு. நோவுக்கும் துன்பத்துக்கும் கனடாவில் ஒரு மேல் எல்லை இருக்கிறது. 1978இல் ஆண்ட்ரூஸ் என்ற இளைஞரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒரு லட்சம் டொலர் என்று வைத்தது. பணவீக்கத்தோடு இன்று அது 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல். விபத்து நடந்தபோது அவருக்கு 21 வயது, கைகால்கள் செயலிழந்து போயின. அந்த உச்சத்திலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள், கழுத்து நோவுக்கு எங்கே இடம் என்று உங்களுக்கே தெரியும். நோவுக்குக் காசு கேட்பதற்கே காயம் நிரந்தரமாகவும் பாரதூரமாகவும் இருக்க வேண்டும், முக்கியமான ஒரு செயற்பாட்டைப் பாதித்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஆறிவிடும் நோவுக்கு இந்த வாசல் திறக்காது. திறக்காமல் இருக்கட்டும் என்றுதான் நான் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

வாசல் திறந்தாலும், நோவுக்கு மதிக்கும் தொகையிலிருந்து கழித்துவிடும் கழிவுத் தொகை ஒன்று காத்திருக்கிறது. 2025இல் அது 46,790 டொலர். ஒவ்வொரு வருடமும் கூடுகிறது. நீதிமன்றம் நோவுக்கு 45,000 என்று மதித்தால் உங்கள் கைக்கு அந்தத் தலைப்பில் ஒரு சதமும் வராது. 80,000 என்று மதித்தால் 33,210 மிஞ்சும். சட்டத்தரணிக்கு 30 வீதம் என்று வைத்துக்கொள்வோம்: 9,963 டொலர். அதன்மேல் 13 வீத வரி 1,295. மிச்சம் 22,000க்கும் குறைவு. வைத்திய அறிக்கைகளின் செலவும் இன்னும் இருக்கிறது. எதிர்த்தரப்பு செலவில் ஒரு பங்கைத் தருவதும் உண்டு. இவ்வளவுக்கும் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். யூரிகளை, அதாவது தீர்ப்புச் சொல்லக் கூப்பிடும் பொதுமக்களை, கொண்டு விசாரித்தால், இந்தக் கழிவு இருப்பதையே அவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். எண்பதாயிரம் கொடுத்தோம் என்ற நிறைவோடு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

நோவின் விலைக்குத்தான் இந்தக் கழிவு. உழைப்பை இழந்ததற்கு இது இல்லை. அதனால்தான் பெரிய தொகைகள் பெரும்பாலும் உழைப்பு இழப்பிலிருந்தும் எதிர்காலப் பராமரிப்புச் செலவிலிருந்தும் வருகின்றன. இருபத்தைந்து வயது மேசன் இனிக் கல் தூக்க முடியாது என்பதும், ஓய்வுபெற்றவருக்கு அதே முதுகு நோவு என்பதும் ஒரே தொகை ஆகாது. இடித்தவரிடம் இருக்கும் காப்புறுதியின் அளவும் ஒரு வரம்பு. சட்டப்படி குறைந்தது 2 லட்சம் இருக்க வேண்டும். பலர் பத்து லட்சத்துக்கோ இருபது லட்சத்துக்கோ எடுத்திருப்பார்கள். வழக்குத் தொடுக்க இரண்டு வருடம் இருக்கிறது என்று ஆறுதலாக இருக்கவேண்டாம். வழக்குப் போடப்போகிறேன் என்ற எழுத்து அறிவிப்பை 120 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். 2013 பெப்ரவரியில் மார்க்கம் வீதியில், வேலைக்குப் போகும் காலையில், எனக்கும் பின்னால்தான் இடித்தார்கள். வலது தோள்மூட்டு. நான் அப்போது பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை. தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டி குசினிச் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஒரு வரி எழுதினேன். “சோற்றுப் பானையை மகன் இறக்கினான்.” “தலை பின்ன முடியவில்லை.” “இடியப்பம் பிழியவில்லை, பாண் வாங்கினோம்.” பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்ட நாளில், இடியப்பம் என்றால் என்ன, அதற்குத் தோள் எதற்கு என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் திணறினார். நான் எழும்பி நின்று, இல்லாத உரலை இரண்டு கையாலும் பிடித்து அமத்திக் காட்டினேன். வலது முழங்கை பாதியில் நின்றுவிட்டது. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஆனால் அதற்கு முன் ஒரு பெரும் பிழை விட்டேன். விபத்து நடந்து ஒரு வருடம் ஆகும்வரை விபத்துக் கொடுப்பனவை மொத்தமாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. பதின்மூன்றாம் மாதம் என் நிறுவனம் 7,000 டொலர் தருகிறோம், எல்லாவற்றையும் முடித்துக்கொள்வோம் என்றது. ஊரில் தங்கை கலியாணம், காசு தேவை. ஒரு வியாழக்கிழமை கையெழுத்து வைத்தேன். வெள்ளி இரவு கணவர் தாள்களை வாசித்தபோதுதான், இரண்டு வேலைநாட்களுக்குள் மனம் மாறலாம் என்ற வரியைக் கண்டார். திங்கள் காலை தொலைநகலில் மறுத்து அனுப்பினோம். நான்கு மாதத்தில் தோளில் தசைநார் கிழிந்திருப்பது படத்தில் தெரிந்தது, சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்த வரியைக் காணாமல் விட்டிருந்தால் அதன் பிறகான சிகிச்சையெல்லாம் என் கைக்காசு. கடைசியில் எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று சொல்லமாட்டேன். அது என் தோளுக்கும் என் வயதுக்கும் என் சம்பளத்துக்கும் போட்ட தொகை. உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

சட்டத்தரணியை நீங்களே தேடுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கு, அவர் சட்டத்துறை உரிமம் இல்லாதவரானால், காசு கொடுக்கச் சட்டத்தரணிகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் நண்பருக்குத் தெரிந்த அந்த ஆள் எதற்காக இவ்வளவு அக்கறைப்படுகிறார் என்று யோசியுங்கள். வென்றால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்துக்கு 2021 ஜூலை முதல் ஒன்ராறியோவில் பொதுவான ஒரு படிவம் இருக்கிறது. அதில் வீதமும் செலவும் எழுதியிருக்கும். முதல் சந்திப்பிலேயே தொகை சொல்லும் சட்டத்தரணியிடம் நான் போகமாட்டேன். மூன்று வாரக் காயத்துக்கு யாராலும் தொகை சொல்ல முடியாது.

இனி நிலாவெளி வீதி. மறைக்கக் கூடாது, தம்பி. சத்தியம் வாங்கிக்கொண்டு இதைக் கேட்பார்கள். ஒரு பொய் பிடிபட்டால் உங்கள் உண்மையான நோவையும் நம்பமாட்டார்கள். சொல்வதால் வழக்குக் கெட்டுவிடும் என்பதும் சரியில்லை. 1996இல் ஏத்தி என்பவரின் வழக்கில், ஏற்கெனவே முதுகுக் கோளாறு இருந்தவருக்கு இரண்டு கார் விபத்துகளின் பின் முதுகெலும்புத் தட்டு பிதுங்கியது. கீழ்நீதிமன்றம் நட்டஈட்டில் கால்வாசிதான் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் முழுவதையும் கொடுத்தது. விபத்துக்கு முன்பே வைத்தியர் பதிந்த கோளாறு ஒன்று இருந்து, அது 3,500க்குள் நீங்கள் குணமாவதைத் தடுக்கும் என்று சான்று இருந்தால், சிறு காயம் என்ற வகையிலிருந்து வெளியே வரவும் அதுவே வழி.

பதிந்த சான்று எங்கே என்று உங்கள் அப்பாவிடம் கேட்டேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே எக்ஸ்ரே படம், வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி. கார்டின் ஒரு மூலை ஈரத்தில் ஊறி நீல மை பரவியிருக்கிறது. திகதியும் இடுப்பு என்பதும் தெளிவாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் மொழிபெயர்ப்பும் தேவையில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்து இன்றே அனுப்புகிறேன். மூலத்தாள்கள் என் கைப்பையில் வரும், பெட்டியில் போடமாட்டேன்.

கழிவையும் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதி அவருக்கும் கணக்குக் காட்டினேன். நீங்கள் போக வாங்கிய கடன் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: “அவனுக்கு இரவில் நித்திரை வருகிறதா, பிள்ளை?” எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்று இரவு அவரை அழைத்து நீங்களே சொல்லுங்கள்.