முன்பக்கம் தள்ளுகிறது, எந்த பாரை மாற்றுவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. என் ஃப்ரண்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக்கை டிராக்கில் மட்டும்தான் ஓட்டுகிறேன். வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போகிறது. வண்டி நிறையச் சாயவும் செய்கிறது. முன்னால் இருக்கும் 22 மி.மீ. ஸ்வே பாரை (இடது, வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றிவிட்டு 25 மி.மீ. போட்டால் சரியாகுமா? இல்லை, முன்னும் பின்னும் சேர்த்து செட்டாக வாங்கட்டுமா?

பதில்: சாய்வு குறையும். ஆனால் முன்பக்கம் பெரும்பாலும் இன்னும் மோசமாகத் தள்ளும். அந்த 25 மி.மீ. பாரை இப்போது வாங்காதீர்கள்.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. நீளமும் வடிவமும் அதேதான் என்றால், 22 மி.மீ. பார் 25 ஆகும்போது விறைப்பு ஏறக்குறைய 67 சதவீதம் கூடிவிடும்.

வளைவில் உள் டயரின் பாரம் வெளி டயருக்குப் போகிறது. மொத்தம் எவ்வளவு போகும் என்பது வண்டியின் எடை, உயரம், அகலம், வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதில் முன் அச்சின் பங்கு எவ்வளவு, பின் அச்சின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் பார் மாற்றும். முன் பாரைத் தடிமனாக்கினால் முன் அச்சின் பங்கு கூடும். டயர் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். அதனால் வெளி டயர் பெறுவதைவிட உள் டயர் இழப்பது அதிகம். ஏற்கெனவே பிடிப்பு போதாத முன் அச்சுக்கு இது கூடுதல் சுமை.

ஆகவே பின் பாரை மட்டும் விறைப்பானதாக மாற்றுங்கள், அப்போது பின் அச்சின் பங்கு கூடி முன் அச்சின் பங்கு குறையும். நுனியில் இரண்டு மூன்று துளைகள் உள்ள, சரிசெய்யக்கூடிய பாராக வாங்குங்கள். உள் துளைக்கு லிங்க்கை (பாரின் நுனியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி) மாற்றினால், பாரின் மடங்கிய முனையான கையின் நீளம் குறைந்து விறைப்பு கூடும். 250 மி.மீ. கை 225 ஆனாலே கிட்டத்தட்ட 23 சதவீதம் ஏறும். உள் பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் பயப்படாதீர்கள், உங்கள் வண்டியில் அது இழுக்கும் சக்கரம் இல்லை. ஆனால் அது முழுசாகத் தூக்கிய பிறகு பின் பாரை மேலும் விறைப்பாக்கினால் அந்த வளைவில் பலன் இருக்காது. வெளி டயருக்கு மாற்ற உள் பின் டயரில் பாரமே மிச்சமிருக்காது.

எந்தத் துளையில் தொடங்குவது? கடைசித் துளையில், அதாவது மிக இளகிய நிலையில். என் முதல் டிராக் காரில் நான் நேராக விறைப்பான துளையில் மாட்டினேன். முதல் நாள் காய்ந்த தரையில் அருமையாகத் திரும்பியது. மறுநாள் காலை தூறல். நீண்ட வலது வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பின்பக்கம் அப்படியே சுற்றி வந்து புல்வெளியில் நின்றது. அன்றிலிருந்து மழை என்றால் பின் பாரின் ஒரு லிங்க்கைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் டிராக்கில் இறங்குகிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷன் வகை) இருந்து, டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சாயும்போது கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) கெட்டு டயர் ஓரத்தில் உருள்கிறது என்று அர்த்தம். முதலில் நெகட்டிவ் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும் அளவை, கூட்டிப் பாருங்கள். அதற்கும் இடமில்லையென்றால் அப்போது தடித்த முன் பார் உண்மையிலேயே பிடிப்பைக் கூட்டலாம். எடை கவலை என்றால் உள்ளீடற்ற பார் நல்லது: வெளி விட்டம் 25, சுவர் 4 மி.மீ. இருந்தால் திடமான பாரின் விறைப்பில் சுமார் 79 சதவீதம் கிடைக்கும், எடையோ 54 சதவீதம்தான்.

மாட்டும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஓட்டும் இருக்கையில் உங்கள் எடை இருக்க வேண்டும். லிங்க் போல்ட் இரண்டு பக்கமும் நெம்பாமல் உள்ளே போகும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இடது வளைவில் ஒரு வண்டி, வலது வளைவில் வேறொரு வண்டி. பாரைப் பிடித்திருக்கும் உறையான புஷ் பாலியூரித்தேன் என்றால், அதற்கு சிலிக்கான் கிரீஸ் கட்டாயம்.

அப்புறம், ஐந்து லேப் ஓட்டி ஒரு துளை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சூடான டயரின் காற்றழுத்தத்தைக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் காற்று இரண்டு பி.எஸ்.ஐ. ஏறியதால் வந்த மாற்றத்தை பார் செய்த வேலை என்று நினைத்துவிடுவீர்கள்.