மாமன் மடி

அன்புள்ள அக்கா,

நான் வடசென்னை. வயது 39. லோடு வண்டி ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் செத்தால் கூடப் பிறந்தவர்கள் வைக்கிற பேனரைவிட நண்பர்கள் வைக்கிற கண்ணீர் அஞ்சலி பேனர்தான் பெரிதாக இருக்கும் என்று நீங்கள் எழுதியிருந்ததை என் தங்கச்சி மகள் போனில் காட்டினாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

17 வயதில் ஒரு அண்ணனின் குரூப்பில் சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் சேர்த்துவிட்டான். அவனும் நானும் ஒரே வகுப்பு, ஒரே கேரம் போர்டு. ஏரியாவில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஒரு தடவை அவனை ஒருவன் அடித்துவிட்டான். அந்த ஆளின் கை என்ன ஆனது என்பதை இங்கே எழுத வேண்டாம். கேஸ் இரண்டு பேர் மேலும் வந்தது. நான் மட்டும்தான் என்று சொல்லி சரண்டர் ஆனேன். குண்டாஸ் போட்டார்கள். புழலில் பதினோரு மாதம். வாரா வாரம் மனு போட்டுப் பார்க்க வருவான். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஒன்றும் காதில் விழாது. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு என்ன என்று எனக்கே அங்கேதான் புரிந்தது.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் குரூப்பை விட்டு வந்தான். அவன் வந்ததால் நானும் வந்தேன். இப்போது அவன் மகளுக்கு மூன்று வயது. அடுத்த மாதம் காதுகுத்து. அவன் மனைவிக்கு அண்ணன் தம்பி இல்லை. "நீதான்டா மாமனா உட்காரணும்" என்கிறான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையை மடியில் வைக்கலாமா? அவனிடம் சொல்லிவிட்டு உட்கார வேண்டுமா? இத்தனை வருஷமாக அவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா? பழைய ஆட்களுக்குத் தெரிந்தால் என்னை முடித்துவிடுவார்கள். அதைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். அவன் முகம் மாறினால் தாங்க மாட்டேன். அம்மா வேறு எனக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். யாரிடமும் பேச முடியவில்லை. இதற்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஏரியாவில் இதற்கு இருப்பதெல்லாம் கெட்ட வார்த்தைதான்.

பெயர் போட வேண்டாம்.

*

(நான்கு பக்கம் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை அவர் சம்மதத்தோடு மாற்றியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

முதலில் குழந்தை. உட்காருங்கள். சட்டை, வேட்டி புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். சீர்த்தட்டில் என்னென்ன வைக்க வேண்டும் என்று உங்கள் அம்மாவிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த மடியில் குழந்தையை வைக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வியை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சின்ன வயதிலிருந்து அவரை "மச்சான்" என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள். பெண் கொடுத்து, பெண் எடுத்து உண்டாகிற உறவின் பெயர் அது. நம் பையன்கள் நடுவில் பெண்ணே இல்லாமல் அந்தப் பெயரை எடுத்துப் புழங்குகிறார்கள். தோளில் கை போட்டுக்கொள்ளவும், ஒரே தட்டில் சாப்பிடவும், கையில் பெயரைப் பச்சை குத்திக்கொள்ளவும், குடித்துவிட்டு "நீ இல்லேன்னா செத்துடுவேன்டா" என்று அழவும் அந்த ஒரு சொல் போதும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உங்களுக்கே புரிவதற்குச் சிறைக் கம்பி நடுவில் வர வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. சத்தத்தில் பேச்சு கேட்காமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் மறக்கப் போவதில்லை. இப்போது சடங்கே உங்களை மச்சானாக்கப் போகிறது. அது உங்களுக்கு எவ்வளவு இனிக்கும், எவ்வளவு வலிக்கும் என்று தெரிகிறது.

ஏமாற்றுகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றியிருந்தால் அவருடைய வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்திருக்க வேண்டும். கடிதத்தில் தேடிப் பார்த்தேன். பதினோரு மாதம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. அவர் வெளியே வந்தபோது நீங்களும் வந்தீர்கள். அந்த வருடங்களில் உங்களிடம் இருந்ததிலேயே நல்லது இந்த அன்புதான். அதைப் போய்க் குற்றம்போல் மூடி வைத்திருக்கிறீர்கள்.

ஆனால், தம்பி, மூன்றாவது முறை படித்தபோது வேறு ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். "அந்த ஆளின் கை என்ன ஆனது என்பதை இங்கே எழுத வேண்டாம்." நான்கு பக்கத்தில் அந்தக் கைக்கு இந்த ஒரு வரிதான். மற்ற எல்லாப் பக்கமும் ஒருவரை நேசித்ததற்காகக் கூனிக் குறுகுகிறீர்கள். எதற்கு வெட்கப்பட வேண்டும் என்பதை அந்த அண்ணனின் குரூப் உங்களுக்குத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

குரூப் மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 326-ஆவது பிரிவு, ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவது: ஆயுள், அல்லது பத்து ஆண்டு வரை சிறை, அபராதம். 377-ஆவது பிரிவு, ஆணும் ஆணும் உடலால் சேர்வதையும் குற்றமாக வைத்திருந்த பிரிவு: ஆயுள், அல்லது பத்து ஆண்டு வரை சிறை, அபராதம். ஒரே தண்டனை. ஒருவர் கையை வெட்டுவதையும் ஒருவரோடு இணைந்து வாழ்வதையும் ஒரே தராசில் வைத்திருந்தார்கள். 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவைத் தளர்த்தியது. 2013-இல் உச்சநீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள், வயதுவந்த இருவர் மனம் ஒத்து வாழ்வதைக் குற்றம் என்று சொல்லவே முடியாது என்று தீர்த்துவிட்டார்கள். நீங்கள் குரூப்பில் இருந்த காலம் முழுக்க ஏறக்குறைய அந்தப் பழைய தராசுதான். அதன் கீழே வளர்ந்தவர் உங்களைப்போல்தான் யோசிப்பார்.

இன்னொரு ஊர்க் கதை சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் டிகாவல்கான்டே என்று ஒரு மாஃபியா குடும்பம். தலைவர் சிறைக்குப் போனதால் ஜான் டி'அமாட்டோ என்பவர் பொறுப்புத் தலைவராக இருந்தார். அவருடைய காதலி, சண்டைக்குப் பிறகு, அவர் ஆண்களோடும் உறவு வைத்திருப்பதாகக் குழு ஆட்களிடம் சொல்லிவிட்டார். 1992-இன் தொடக்கத்தில் அவருடைய ஆட்களே அவரைக் காரில் ஏற்றிச் சுட்டுக் கொன்றார்கள். உடல் கிடைக்கவே இல்லை. 2003-இல் அந்தோணி கபோ என்பவர் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சுட்டது தான்தான் என்றார். காரணம் கேட்டார்கள். இப்படிப்பட்ட ஒருவர் தலைவராக உட்கார்ந்து மற்ற குடும்பங்களோடு பேசினால் எங்களை யார் மதிப்பார்கள் என்றார். கொலை செய்ததை நீதிமன்றத்தில் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. தன் தலைவர் யாரை நேசித்தார் என்பது மட்டும் அவருக்கு மானப் பிரச்சினை.

பழைய ஆட்களுக்குத் தெரிந்தால் முடித்துவிடுவார்கள் என்று நீங்கள் எழுதியதை நான் மிகையாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்தக் கதைதான் காரணம். லண்டனில் 1960-களில் ரோனி கிரே என்ற தாதா ஆண்களை விரும்புவது பலருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அவரைப் பார்த்து மற்றவர்கள் நடுங்கினார்கள். அந்த நடுக்கம் உங்களுக்குக் காவலாக இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் வனெசா பான்ஃபில் என்ற குற்றவியல் ஆய்வாளர் உங்களைப் போன்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். பலர் கும்பல்களில் இருந்தவர்கள், ஆண்களை விரும்புகிறவர்கள். தங்கள் கும்பலுக்குள் அதை மறைத்தே வாழ்ந்தவர்கள் நிறைய. தங்களை இழிவாகச் சொல்லிவிட்டால் உடனே கை நீட்டியிருக்கிறார்கள், நான் ஆம்பளைதான் என்று காட்டியாக வேண்டுமே. அதைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்துக்குத் திரும்பி வந்தேன். அன்று நீங்கள் வெட்டப் போனது நண்பருக்காக மட்டும்தானா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

பெயர் கேட்டிருந்தீர்கள். தன்பாலீர்ப்பு. ஆண் ஆணை, பெண் பெண்ணை விரும்புவதற்குத் தமிழில் இருக்கும் மரியாதையான சொல். 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை விசாரித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரண்டு பெண்கள், வீட்டாரிடமிருந்தும் போலீசிடமிருந்தும் பாதுகாப்பு கேட்டிருந்தார்கள். தனக்கே இந்த விஷயத்தில் தெளிவில்லை என்று அந்த நீதிபதி ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டு, அதையும் வெளிப்படையாகச் சொல்லித்தான் உத்தரவு எழுதினார். இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது, மருத்துவம் என்ற பெயரில் "மாற்ற" முயலக் கூடாது என்றார். இவர்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களை அரசே வெளியிட்டதும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். ஒரு உயர்நீதிமன்ற நீதிபதியே போய்க் கற்றுக்கொண்ட விஷயம் இது. உங்களுக்கு 39 வயதுவரை பெயர் தெரியாமல் போனதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

சரி, அவரிடம் சொல்வதா? காதுகுத்துக்கு முன்னால் வேண்டாம். அன்றைய நாள் அந்தக் குழந்தைக்கும் அதன் அம்மாவுக்கும் உரியது. அப்புறம் எப்போதாவது சொல்லலாமா என்றால், முதலில் உங்களையே ஒன்று கேளுங்கள்: சொன்னால் அவரிடமிருந்து என்ன வர வேண்டும்? "நானும்தான்டா" என்ற பதில் வேண்டுமென்றால், அது அவரிடம் இருக்காது என்றுதான் உங்கள் கடிதத்தை வைத்துத் தோன்றுகிறது. என்னை முழுசாகத் தெரிந்த ஒருவன் உலகத்தில் இருக்கட்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், என்றாவது சொல்லலாம். பகலில், இரண்டு பேரும் தெளிவாக இருக்கும்போது, அவர் எழுந்து போக நினைத்தால் போக முடிகிற இடத்தில். கட்டிங் போட்ட ராத்திரியில் மட்டும் வாய் திறக்காதீர்கள். அவர் முகம் மாறலாம். மாறிய முகம் சில நாளில் திரும்பவும் செய்யலாம். எனக்கு உறுதி சொல்ல முடியாது. சொல்லாமலே இருந்துவிட்டாலும் அது துரோகம் இல்லை.

ஆனால் அவரை விட்டால் வேறு யாருமே இல்லை என்கிற நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. சென்னையில் சகோதரன் என்ற அமைப்பு 1998-இலிருந்து இயங்குகிறது. ஓரினம் என்று இன்னொரு குழு இருக்கிறது. தமிழில் பேசுவார்கள். உங்களைப் போன்றவர்கள், உங்களைவிட மூத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். லோடு இறக்கிவிட்டு ஒரு நாள் போய் வாருங்கள். முதல் நாள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும்.

அம்மாவுக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். துரோகம் என்ற வார்த்தை அங்கேதான் பொருந்தும். ஒன்றும் தெரியாத ஒரு பெண் வந்து, தன்னிடம் என்ன குறை என்று காலமெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தக் கை. அந்த மனிதரைத் தேடிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். வாசலில் உங்களைப் பார்த்தால் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் அந்த நாள்தான் திரும்ப வரும். மன்னிப்பு கேட்கிறேன் என்று அவரை இன்னொரு தடவை நடுங்க வைக்க வேண்டாம். வலது கையா, இடது கையா? அதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார்? இப்போது எப்படிச் சாப்பிடுகிறார், சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள்? இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவரை எழுதுங்கள். எனக்கே அனுப்புங்கள், இங்கே வெளியிட மாட்டேன். நான்கு பக்கம் எழுத உங்களால் முடியும் என்று பார்த்துவிட்டேன்.

காதுகுத்துக்கு வருவோம். ஆசாரி முதல் காதைக் குத்தும்போது குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டாவது காதுக்குத்தான் திமிறும், தலையை ஆட்டும், வீறிடும். வாழைப்பழமோ கற்கண்டோ கையில் தயாராக வைத்திருங்கள். இடது கையால் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலது உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையை உங்கள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம், அசையாமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா