பழைய பாத்திரக்கடைக்காரர் பதில்கள்: ஈயச் சொம்பு விஷமா?

கேள்வி: மாமியார் காலத்து ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறேன். ஈயம் விஷம் என்று மகள் பயமுறுத்துகிறாள். மலேசியாவில் வேலை பார்க்கும் மகனோ பியூட்டர் டம்ளர் வாங்கி வந்து, இதுவும் அதே ஈயம்தான் என்கிறான். யார் சொல்வது சரி?
- வாசகி, ராயக்கோட்டை

பதில்: ஈயம் என்று நாம் சொல்வதில் இரண்டு உலோகம் உண்டு: காரீயம் (லெட்), வெள்ளீயம் (டின்). மகள் பயப்படுவது காரீயத்துக்கு அம்மா. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அதுதான். புளிப்பு பட்டால் ரசத்தில் இறங்கவும் செய்யும்; உங்கள் ஊர்த் தக்காளியோடு நம் பக்கத்துப் புளியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். ஆனால் கிலோ விலையில் வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அப்புறம் கலக்காமல் விடுவார்களா?

பளபளப்பைப் பார்த்து எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும் என்பார்கள். காரீயம் தாராளமாக இருந்தால்தான் விழும். நான் நம்புவது தராசை. சொம்பை எடை போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைத் தாம்பாளத்தில் வைத்து, சொம்பைச் சாய்த்து, உள்ளே காற்று தங்காமல் முழுக விடுங்கள். வழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். 730 கிராம் சொம்பு நல்ல வெள்ளீயமானால் 100 மில்லி வழியும். முழுக் காரீயமானால் 65க்குள் நின்றுவிடும். 85, 90 என்று வந்தால் அது அலமாரிக்குத்தான். 100 வந்தாலும் சின்னக் கலப்படம் இதில் பிடிபடாது. வீட்டில் குழந்தை இருந்தால் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடியில் பற்றவைத்த ஒட்டு இருக்கிறதா? அப்படியானால் அளக்கவே வேண்டாம். பற்றவைக்கும் ஈயத்தில் காரீயம் இருப்பது வழக்கம்.

இன்னொன்று. வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். ரசம் உள்ளே இருக்கும்வரை பயமில்லை. காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கப் போனால், திரும்பி வரும்போது பர்னர் மேல் ஈயக் குட்டைதான் இருக்கும். தீ பக்கவாட்டில் ஏறினாலும் விளிம்பு போய்விடும்.

மகன் சொல்வதும் ஏறக்குறைய சரி. இன்றைய பியூட்டரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளீயம். கெட்டிப்படக் கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. கோலாலம்பூரே வெள்ளீயச் சுரங்கத்தால் எழுந்த ஊர். அங்கே ராயல் செலங்கூர் என்ற பட்டறை 1885இல் தொடங்கி இன்றும் பியூட்டர் செய்கிறது. புது டம்ளரில் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பாவின் பழைய பியூட்டரில் காரீயம் சேர்ப்பதுண்டு. அந்த மாதிரித் தட்டு கிடைத்தால் ஷோகேசில் வையுங்கள்.

கேள்வி: பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், பாலக்கோடு

பதில்: பூசுபவரிடம் ஈயக் குச்சியை வாங்கிக் காதருகே வளைத்துப் பாருங்கள். வெள்ளீயம் நறநறக்கும், காரீயம் சத்தமில்லாமல் வளையும். நவச்சாரம் தூவும்போது வரும் வெள்ளைப் புகைக்குத் தள்ளி நில்லுங்கள்.