ரெய்டு மவுன்ட் ஆகவில்லையா? கேள்விகளும் பதில்களும்

லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற மென்பொருள் வைத்துக் கட்டிய ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கிய தொகுப்பு, 'அரே' என்றும் சொல்வோம்) எழும்பவில்லை, மவுன்ட் ஆகவில்லை, அதாவது உள்ளே இருக்கும் கோப்புகள் திறக்கவில்லை என்பவர்கள் கேளுங்கள். (பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை, ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார்.) தனி ரெய்டு கார்டு போட்டவர்கள் கார்டு தயாரித்தவரிடம் போவதே நல்லது. எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்: கேட்பதற்கு முன் டிஸ்க்கில் எழுதுகிற எந்தக் கட்டளையையும் தட்டாதீர்கள். முக்கியமாக, புது அரே கட்டும் 'கிரியேட்'.

கேள்வி: சார், நாலு டிஸ்க், ரெய்டு 5, உள்ளே எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து மவுன்ட் ஆகவில்லை. 'பேட் சூப்பர்பிளாக்' என்கிறது. ஃபைல்சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டட்டுமா? எல்லாம் கல்யாண வீடியோக்கள்.

பதில்: ஓட்டாதீர்கள். மவுன்ட் கட்டளை மாடியை, அதாவது ஃபைல்சிஸ்டத்தைப் பற்றிப் புலம்புகிறது. தரைத்தளமான அரே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ப்ராக் அடைவில் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் அரே 'இன்ஆக்டிவ்' என்றும், டிஸ்க் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடைப்புக்குள் 'எஸ்' என்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து எல்லாம் ஸ்பேர் (உபரி டிஸ்க்) ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அரே இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, நாலு டிஸ்க்குகளுக்கும் தனித்தனியாக எம்டிஏடிஎம்மின் 'எக்ஸாமின்' போட்டு, வருவதை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். கோப்பு அந்த ரெய்டில் இருக்கக் கூடாது, பென்டிரைவில் போடுங்கள். அதில் 'ஈவென்ட்ஸ்' என்று ஓர் எண்ணும், கடைசியாகப் புதுப்பித்த நேரமும் இருக்கும். அரேயின் நிலை மாறும்போதெல்லாம் அந்த எண் ஏறும். மூன்று டிஸ்க்கில் 48210 என்று இருந்து, நாலாவதில் 48197, அதுவும் நேற்றைய தேதி என்றால், அது கரண்ட் போன நொடியில் பின்தங்கியது. அதையே 31000, போன மாதத் தேதி என்று கண்டால், அந்த டிஸ்க் போன மாதமே வெளியே போய்விட்டது, நீங்கள் கவனிக்கவில்லை. ஒரு டிஸ்க் குறைவு, அதோடு எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கிறது; இந்த இரண்டும் சேர்ந்தால் பேரிட்டி (ஒரு டிஸ்க் போனாலும் அதன் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) சரியா என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிச்சயம் கிடையாது. அதனால்தான் தானாக எழுப்ப மறுக்கிறது.

அரேயை 'ஸ்டாப்' செய்துவிட்டு, எண் ஒத்துப்போகும் மூன்றை மட்டும் பெயர் சொல்லி 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்' சேர்த்து எழுப்புங்கள். பழைய டிஸ்க்கை உள்ளே விடாதீர்கள். எழுந்ததும் படிக்க மட்டும் மவுன்ட் செய்யுங்கள், கூடவே 'நோலோட்' போடுங்கள். 'ஆர்ஓ' என்று மட்டும் கொடுத்தால் எக்ஸ்ட்4 தன் ஜர்னலில் குறித்துவைத்த, பாதியில் நின்ற மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் படிக்கும். பலருக்கு இது தெரியாது. வீடியோக்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். எஃப்எஸ்சிகே எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: ரீ-இன்ஸ்டால் செய்த பிறகு எம்டி0 காணோம், எம்டி127 வந்திருக்கிறது. டேட்டா போயிற்றா?

பதில்: இல்லை, அரேயின் பெயர்தான் மாறியிருக்கிறது. புது சிஸ்டத்தின் கான்ஃபிக் கோப்பில் உங்கள் அரேயின் பெயர் கிடையாது. 'டீடெய்ல் ஸ்கேன்' தரும் வரியை அதில் சேர்த்து, டெபியன், உபுண்டு என்றால் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில், பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) எழுதுங்கள்.

கேள்வி: எஸ்டிபி1-ஐ மவுன்ட் செய்தால் 'லினக்ஸ் ரெய்டு மெம்பர்' என்று சொல்லி மறுக்கிறது.

பதில்: அது அரேயின் ஓர் உறுப்பு மட்டும்; செங்கலுக்குள் குடிபோகப் பார்க்கிறீர்கள். அரேயை எழுப்பி, அதை மவுன்ட் செய்யுங்கள்.

கேள்வி: அரே எழுந்துவிட்டது. மவுன்ட் செய்தால் 'எல்விஎம்2 மெம்பர்' என்கிறது.

பதில்: நடுவில் எல்விஎம் (இடத்தை வால்யூம்களாகப் பிரிப்பது) என்று இன்னொரு தளம் இருக்கிறது. 'விஜிசேஞ்ச்' கட்டளையை 'ஏஒய்' கொடுத்து ஓட்டுங்கள், உள்ளே இருக்கும் வால்யூமை மவுன்ட் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றுவிடுகிறது. டிஸ்க்கின் தன்சோதனையான ஸ்மார்ட் 'பாஸ்டு' என்கிறது.

பதில்: அந்தப் 'பாஸ்டு'வை நம்பாதே தம்பி. ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 (கெட்டுப்போன செக்டார்கள்), 199 (கேபிள் வழிப் பிழை) ஆகிய எண் வரிகளைப் பார். 199 மட்டும் ஏறினால் கேபிளை மாற்று. அதுவும் இல்லையென்றால் டைம்அவுட் பிரச்சினையாக இருக்கலாம். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் ரெண்டு நிமிஷம்கூட முட்டிக்கொண்டிருக்கும். கெர்னல் 30 விநாடிதான் பொறுக்கும். அப்புறம் இணைப்பை ரீசெட் செய்யும், டிஸ்க் பதில் சொல்லாது, எம்டி (கெர்னலின் ரெய்டு பகுதி) அதை வெளியே தள்ளிவிடும். டிஸ்க் எஸ்சிடி ஈஆர்சி (முட்டும் நேரத்துக்கு வரம்பு) ஏற்குமானால் 70 என்று கொடு (கணக்கு பத்தில் ஒரு விநாடியில்), 7 விநாடியில் கைவிட்டு எம்டியிடம் சொல்லிவிடும். ஏற்காவிட்டால் கெர்னல் பொறுமையை 180 விநாடிக்கு ஏற்று. ரெண்டையும் ஒவ்வொரு பூட்டிலும் திரும்பப் போட வேண்டும்.

கேள்வி: எங்கோ படித்து 'கிரியேட்' ஓட்டிவிட்டேன். இப்போதும் மவுன்ட் ஆகவில்லை.

பதில்: 'இது ஏற்கெனவே ஓர் அரேயின் பகுதி, தொடரவா?' என்று அது கேட்டிருக்குமே! ரீசிங்க் (டிஸ்க்குகளை ஒத்துப்போக வைக்கக் கணக்கிட்டு எழுதுவது) ஓடுகிறதா என்று உடனே பாருங்கள். ஓடினால் இந்த நொடியே அரேயை ஸ்டாப் செய்யுங்கள். ரெய்டு 5-க்கு 'அஸ்யூம் கிளீன்' ('எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்') இல்லாமல் கிரியேட் போட்டால், கடைசி டிஸ்க்கை ஸ்பேராக எடுத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அதன் மேலேயே எழுதத் தொடங்கும். டிஸ்க் வரிசை தப்பாக இருந்தால் நல்ல டேட்டா மேல் குப்பை விழும்.

கேள்வி: மன்னிக்கவும், நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள். 'அஸ்யூம் கிளீன்' போட்டு கிரியேட் செய்து நான் மூன்று அரே மீட்டிருக்கிறேன்.

பதில்: உங்களுக்கு வரிசை தெரிந்திருந்தது. ஐந்து டிஸ்க் என்றால் 120 வரிசை உண்டு, சரியானது ஒன்று. அது தவிர சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் துண்டு): எம்டிஏடிஎம்மின் பழைய பதிப்பில் 64கே, பிறகு 512கே. டேட்டா தொடங்கும் இடம்: பழைய அரேயில் 2048-ஆம் செக்டார், புதிய பதிப்பு அதே டிஸ்க்கில் 262144 என்று வைக்கலாம். அன்று கட்டியது ஒரு பதிப்பு, இன்று கிரியேட் போடுவது வேறு பதிப்பு. அரே அழகாக எழும், மவுன்ட் மட்டும் ஆகாது. இதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பழைய சூப்பர்பிளாக், அதாவது அரேயின் விவரங்களை எம்டி டிஸ்க்கில் எழுதிவைத்த குறிப்பு (எக்ஸ்ட்4-இன் சூப்பர்பிளாக் வேறு). நீங்கள் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறீர்கள்.

அவரே: சூப்பர்பிளாக்கே போய்விட்டால்? எனக்கு மதர்போர்டு மாற்றியதும் போயிற்று. அப்போது என்ன, டிஸ்க்கைக் கும்பிடுவதா?

பதில்: சரி, இது நியாயமான கேள்வி. பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையே கொடுத்திருப்பீர்கள். 1.2 வகை சூப்பர்பிளாக் 4கேபியில் உட்காரும். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணையும் அதே இடம்தான், 17கேபி வரை. எப்போதோ போட்ட ஜிபிடியின் நகல் டிஸ்க்கின் வாலில் மிச்சம் இருந்தால், சில மதர்போர்டுகள் அதை எடுத்து முன்னால் 'சரிசெய்து' வைக்கும். சூப்பர்பிளாக் காலி. அப்போது கிரியேட் தவிர வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசல் டிஸ்க்கில் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் டிஎம்செட்அப் ஸ்னாப்ஷாட் போட்டு, எழுதுவதெல்லாம் தனிக் கோப்புக்குப் போகும்படி செய்துவிட்டு 120 வரிசையையும் முயன்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'எஃப்எஸ்சிகே என்' மட்டும், அது எழுதாது.

அவரே: ஆக, நீங்களும் கிரியேட்தான் போடுகிறீர்கள்.

பதில்: ஆமாம், காகிதத்தில் வெட்டிப் பார்த்துவிட்டுத் துணியில் கத்தரி வைக்கிறேன். நீங்கள் நேராகத் துணியிலேயே வைத்தீர்கள், மூன்று முறை தப்பித்தீர்கள். நான் முதல் முறையே தப்பிக்கவில்லை. போனது என் வீட்டுப் படங்கள்.

கேள்வி: சார், கிரியேட் போட்டால் சரியாகுமா?

பதில்: மேலே.

கேள்வி: மூன்று டிஸ்க் ரெய்டு 5, ஒன்று போனது, கிரியேட்...

பதில்: மேலே படியுங்கள் என்றேன்.

முதலில் கேட்டவர்: சார், எழுந்துவிட்டது! மூன்றில் ஈவென்ட்ஸ் ஒரே எண். நாலாவது போன மாதத் தேதி, நீங்கள் சொன்ன மாதிரியே. வீடியோ தெரிகிறது. நாலாவதை இப்போதே 'ஆட்' செய்யட்டுமா?

பதில்: காப்பி முடிந்துவிட்டதா? இல்லையென்றால் தொடாதீர்கள். ரீபில்டுக்கு, அதாவது நாலாவதைத் திரும்ப நிரப்ப, மற்ற மூன்றையும் ஓரம் விடாமல் படிக்க வேண்டும், அதில் ஒன்று திணறினாலும் திரும்ப இங்கே வருவீர்கள். அந்த நாலாவதின் 197, 198 என்ன காட்டுகிறது, அனுப்புங்கள்.