142-ஆம் தெருவின் வாசல்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். மதுரையில் படித்து வளர்ந்தவள். ஜாஸ் காலம் எனக்கே பாடப்புத்தகம் வழியாகத்தான் பழக்கம். போன வருடம் 1920-கள் பாடத்துக்குப் பரீட்சைக்குப் பதிலாக ‘காட்டன் கிளப் இரவு’ நடத்தினோம். இறகு வைத்த தலைப்பட்டை, முத்துமாலை, மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு என்று ஒரே அமர்க்களம். எல்லாம் முடிந்த பிறகு கறுப்பின மாணவி ஒருத்தி, “மிஸ், அந்தக் கிளப்புக்கு நான் எந்த வாசல் வழியாக வந்திருப்பேன்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வருடம் செயல்திட்டமே வேண்டாம், வினாத்தாளோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.
— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

வினாத்தாளுக்குத் திரும்பாதீர்கள். அன்று உங்கள் வகுப்பில் எழுந்த உருப்படியான கேள்வி அந்தப் பெண் கேட்டதுதான். நீங்கள் இறகும் மாலையும் மாட்டி விட்டதால்தான் அவளுக்கு அது தோன்றியது. எனவே போன வருடத்தை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம். கடைசியில் வந்த கேள்வியை இந்த வருடம் முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. காட்டன் கிளப் நியூயார்க்கின் ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவும் 142-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்தது. முதலாளி ஓனி மேடன், மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சரக்கில் காசு பார்த்தவர். மேடையில் ஆடியவர்களும் பாடியவர்களும் வாசித்தவர்களும், தட்டு ஏந்தி வந்தவர்களும் கறுப்பினத்தவர். காசு கொடுத்து மேசையில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர். ஆட்டக்காரிகளாகச் சேர வெளிர் நிறம் வேண்டும் என்று வேறு ஒரு நிபந்தனை. 1927 டிசம்பரில் ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு அங்கே சேர்ந்தார்; வானொலி வழியாக அவர் இசை நாடு முழுக்கப் போனது. அதே இசையை நேரில் கேட்க வந்த அவர் இனத்து மக்கள் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். உங்கள் மாணவி வந்திருந்தால் வேலைக்காரர் வாசல் வழியாகத்தான். மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு உண்மை தாங்கும்; நாம் மழுப்புவதைத்தான் அவர்கள் மறப்பதில்லை.

ஆனால் அதோடு விட்டுவிட்டால் பாதிக் கதைதான். அதே அவென்யூவில் கொஞ்ச தூரம் தெற்கே, 140-க்கும் 141-க்கும் நடுவில், 1926 மார்ச்சில் சவாய் பால்ரூம் திறந்தது. அங்கே கறுப்பர், வெள்ளையர் என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். லிண்டி ஹாப் ஆட்டம் செழித்த இடம் அது. நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாத தூரத்தில் இப்படி இரண்டு வாசல்!

இதையே முதல் செயல்திட்டமாக வையுங்கள். நீளமான சார்ட் தாளில் லெனாக்ஸ் அவென்யூ, 135-ஆம் தெரு நூலகத்தில் தொடங்கி 142 வரை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று வரி: யாருடைய பணம், யாருடைய உழைப்பு, யார் உள்ளே வரலாம். அந்த நூலகம்தான் இன்று கறுப்பின வரலாற்றுக்கான ஷோம்பர்க் ஆய்வு மையம். நீங்கள் இருப்பது நியூ ஜெர்சி. ஒரு நாள் ரயிலேறி அழைத்துப் போய் வரலாம்.

இரண்டாவது யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது: வாடகை விருந்து அட்டை. ஹார்லெமில் வீட்டுக்காரர்கள் கறுப்பினக் குடும்பங்களிடம் கூடுதல் வாடகை கறந்தார்கள். அவர்களுக்கோ சம்பளம் குறைவு. வாடகை இடித்தால் சனிக்கிழமை இரவு வீட்டுச் சாமான்களை ஓரங்கட்டி, ஒரு பியானோக்காரரை வரவழைத்து, வாசலில் சில்லறை வசூலித்து விருந்து வைத்துவிடுவார்கள். வறுத்த மீன், பன்றிக்கால், அப்புறம் அடுப்படியில் யார் கண்ணிலும் படாத சாராயம். ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபாட்ஸ் வாலர் போன்ற பியானோ மேதைகள் இப்படிப்பட்ட வீடுகளில் விடிய விடிய வாசித்தவர்கள். ஆள் சேர்க்கச் சின்ன அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள்: மேலே குறும்பாக இரண்டு வரிப் பாட்டு, கீழே தேதி, முகவரி. பல அட்டைகளில் வாடகை என்ற பேச்சே இருக்காது. ‘சீட்டாட்ட விருந்து’ என்று கௌரவமாகப் போட்டிருக்கும். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இந்த அட்டைகளைச் சேகரித்து வைத்ததால் நமக்கும் பார்க்கக் கிடைக்கின்றன.

மாணவர்கள் அட்டையின் முன்பக்கத்தில் பாட்டு எழுதட்டும், படம் வரையட்டும். மதிப்பெண் பின்பக்கத்துக்கு. அங்கே வரவு செலவு: வாடகை எவ்வளவு, மீன் என்ன விலை, பியானோக்காரருக்கு என்ன, எத்தனை பேர் வந்தால் கட்டும். விலைகளை அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அந்தக் காலச் செய்தித்தாள்களில் தேடி எடுக்கட்டும். கணக்கு இடிக்கும்போதுதான் இந்த விருந்து ஏன் வந்தது என்று தெரியும்.

இசையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு இன்னொன்று. 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு சிகாகோவிலிருந்து இண்டியானாவின் ரிச்மண்டில் இருந்த ஜெனெட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனது. மைக் இல்லாத காலம். சுவரில் ஒரு பெரிய கூம்புக் குழாய், அதன் மறுபுறம் மெழுகுத் தட்டைக் கீறும் ஊசி, அவ்வளவுதான். பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி கடந்தால் பதிவை நிறுத்த வேண்டும். அந்தக் குழுவில் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு வயது 21. அவர் வாசிப்பு மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரை மட்டும் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். (1924-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.) ஒரு தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். நம் ஊர்ப் பழைய கிராமபோன் தட்டுகளில் கீர்த்தனை அவசர அவசரமாக முடியுமே, அதே கதை.

சார்ட்டைக் கூம்பாகச் சுருட்டி நுனியில் ஒரு கைபேசியை வைக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம், ஒரே மூச்சில் பதிவு. யார் முன்னால், யார் பின்னால் என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்வார்கள். பிறகு 1923 பதிவைப் போட்டுக் காட்டுங்கள். 2024 முதல் அந்த ஆண்டின் இசைத்தட்டுகளுக்குக் காப்புரிமை இல்லை. வெட்டி ஒட்டி எப்படியும் பயன்படுத்தலாம். அதன்பின் இதையும் சொல்லுங்கள்: கறுப்பினக் கலைஞர்களின் இந்தத் தட்டுகளை வெளியிட்ட அதே ஜெனெட், கூலிக்கு, வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் கிளானின் பிரசாரத் தட்டுகளையும் அடித்துக் கொடுத்தது. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஆகட்டும், விடுங்கள்.

உங்கள் வகுப்பில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். “அப்போது நாம் எங்கே இருந்தோம்?” என்று அவர்கள் கேட்டால் பதில் இருக்கிறது. 1923 பிப்ரவரியில், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய இந்தியர் பகத் சிங் திந்த் வெள்ளையர் அல்ல, எனவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது. ஜாஸ் காலத்தில் நமக்கும் ஒரு மூடிய வாசல் இருந்தது.

கவனமாக இருக்க வேண்டியவை சில. ஓக்லஹோமாவின் துல்சாவில் 1921-இல் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவர் மீது நடத்திய படுகொலையைப் பாடத்தில் கட்டாயம் சேருங்கள். ஆனால் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். கறுப்பினப் பேச்சு வழக்கைப் போலி செய்து யாரும் பாட்டெழுத வேண்டாம். கணினி ஐந்து நிமிடத்தில் துப்பும் போஸ்டருக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டாலே யார் படித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்த மாணவி இந்த வருடமும் பள்ளியில் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, “நீ கேட்டதிலிருந்துதான் இதைத் தொடங்குகிறேன்” என்று சொல்லுங்கள். அத்தோடு விட்டுவிடுங்கள், அவள் இனத்துக்காகப் பேசும் பொறுப்பை அவள் தலையில் கட்ட வேண்டாம்.

போன வருட முத்துமாலைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சவாயில் ஆட வந்த பெண்களும் மாலை போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.