வேட்பாளர் ஒருவர், அணி இரண்டு

கேள்வி: எங்கள் கட்சி இங்கே இரண்டு அணியாகக் கிடக்கிறது. வேட்பாளர் ஒரு அணிக்காரர். இன்னொரு அணியோ, "பாதி ஊரை எங்களிடம் விடுங்கள், நாங்கள் தனியாக ஓட்டுக் கேட்கிறோம்" என்கிறது. பிரித்துக் கொடுத்துவிடலாமா?
– கிளைச் செயலாளர் ஒருவர், கூடலூர்

பதில்: கொடுக்காதீர்கள். சண்டை தீர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு அணியும் தங்களுக்கு ஆள் சேர்க்கத்தான் ஊர் ஊராகப் போவார்கள். போன தேர்தலில் கோத்தகிரி பக்கம் ஒரு டீக்கடைச் சுவரில் ஒரே வேட்பாளருக்கு இரண்டு நோட்டீஸ் பார்த்தேன், ஒன்றில் இருந்த தலைவர் படம் இன்னொன்றில் இல்லை. தேயிலை பறித்துவிட்டு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வந்த அக்கா ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குள்ளயே ஒத்து வரலையே, நமக்கு என்ன செய்யப்போறாங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1989 ஜனவரி உங்களுக்கு நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஒன்றுக்குச் சுமார் 21 சதவீதம், மற்றதற்குச் சுமார் 9. சேர்த்தால் 30. ஆனால் கிடைத்த இடங்கள் 27, 2. சுமார் 33 சதவீதம் வாங்கிய தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே அணிகள் இணைந்தன, இலை திரும்ப வந்தது, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு தொகுதியிலும் ஜெயித்தார்கள். உங்களுக்குச் சின்னம் இன்னும் கையில்தான் இருக்கிறது, அதுவே பெரிய பலம்.

அதனால் ஊரைப் பிரிக்காமல் ஆளை ஜோடி சேருங்கள். ஒவ்வொரு ஜீப்பிலும் இரண்டு அணியிலிருந்தும் ஒருவர் ஏறட்டும். முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே வாசலில் சேர்ந்து நிற்கட்டும். நோட்டீஸில் சின்னம் பெரிதாக, வேட்பாளர் படம் மட்டும் போதும். தலைவர்கள் படம் எந்த வரிசையில் என்ற தகராறே எழாது.

பேச்சு ஊருக்கு ஊர் மாறத்தான் வேண்டும். கூடலூரில் யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாமல் கிடக்கிற பிரிவு 17 நிலத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பேசினாலும் எடுபடாது. ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலிருந்து இழுபடுகிற விஷயம் அது, பட்டா இல்லாமல் கரண்ட் இணைப்புக்கு அலைந்தவர்கள் வீட்டு வாசலில் போய் மாநில அரசியல் பேசாதீர்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் இருக்கிற லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வீடும் கூலியும் பேசுங்கள், பந்தலூர் பக்கம் யானைத் தொல்லை. லயனுக்குக் காலையில் போனால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள், இலை எடை போட்டு முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். அதற்காக இருட்டும் வரை இருந்துவிடவும் கூடாது, யானை நடமாடுகிற பாதையில் தொண்டர்களை நடக்க விடாதீர்கள்.

அப்புறம், பூத் ஏஜென்ட் பட்டியல். கட்சிக்குள் இருக்கிற மற்ற அணிக்காரர் உள்ளடி வேலை செய்வார் என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கும். ஏஜென்ட் ஒரு அணி என்றால், அவர் எழுந்தால் உட்காருகிற மாற்று ஏஜென்ட் அடுத்த அணியாக இருக்கட்டும். மனுத் தாக்கல் முடிந்த வாரத்திலேயே இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பட்டியலை எழுதிவிடுங்கள்.